கிள்ளானில் புதுக்கணக்கு

அத்தியாயம் 11

போன வாரம் நாம் பாதியில் விட்டுவிட்டு வந்த சண்டை விடிந்தும் ஆறவில்லை.

புதிதாகக் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு நாலு வரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருக்கும் ரயில் கார்டு இருதயத்தின் ஒரே மகன் வாலண்டைன். ஆடிட்டர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டான். மாலை வகுப்பில் கணக்கு முறை படிக்கிறான். பகலில் கிள்ளானுக்குப் போய் ரெங்கசாமி பிள்ளையின் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. எதற்கு இந்தக் கூலியில்லாத உழைப்பு என்றால், ஒரு கடிதத்துக்காக.

கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்கார ஆடிட்டர் தன் ஆபீசில் தொழில் பழக ஒரே ஒரு பையனை எடுத்துக்கொள்ளப் போகிறார். பரீட்சையில் தேறியவர்கள் அவர் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர் கேட்பதோ வேறு. ஒரு வியாபாரியின் வருஷக் கணக்கை முடித்து, மறு வருஷக் கணக்கைத் தொடங்கிய கை அவருக்கு வேண்டும். அதை அந்த வியாபாரியே எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிற சனிக்கிழமைக்குள் கடிதத்தோடு வருகிறவனுக்கு இடம்.

பழைய கணக்கை வாலண்டைன் அழகாக முடித்துவிட்டான். இன்று ஸ்ரீமுக வருஷம் பிறக்கிறது. சித்திரை ஒன்று. மண்டியில் புதுக்கணக்கு.

அங்கேதான் வந்தது வினை. எந்தக் கை புதுக்கணக்கைத் தொடங்குகிறதோ, அந்தக் கையின் ராசிதான் வருஷம் முழுக்க, அதுதான் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட வேண்டும் என்பது ரெங்கசாமி பிள்ளை கடை வழக்கம். போன சித்திரையில் மச்சினன் ஆசைப்பட்டானே என்று அவன் கையால் தொடங்கினார். ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், அரிசி வாங்க ஆளில்லை. உலகம் முழுக்க விழுந்த விலைக்கு மச்சினன் என்ன செய்வான், பாவம்? ஆனாலும் பழி அவன் கைமேல்தான் விழுந்தது. இந்த வருஷம் வாலண்டைன் கைதான் என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

இதில் இன்னொரு சிக்கல். இன்று கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன். சாயங்காலம் மாதா கோயிலில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலச் சாமியார் பாதம் கழுவுவார். இந்த வருஷம் அந்தப் பன்னிரண்டில் வாலண்டைனும் ஒருவன். இருதயம் வருஷக்கணக்காகச் சாமியாரிடம் சொல்லிவைத்து மகனுக்கு வாங்கிய இடம் அது.

"காலையில அங்க சுழியப் போட்டுட்டு, சாயங்காலம் இங்க வந்து கால நீட்டுவியோ?" என்றார் இருதயம், வெள்ளை உடுப்பின் பித்தளைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டே.

"எழுதறதுக்கு முன்னால போடுற ஒரு கோடுதானேப்பா."

"கோடா? வெறுங்கோடுன்னா எதுக்கு மஞ்சள் தடவி, சூடம் காட்டிப் போடச் சொல்றாரு? நீ படிச்சவன்லா, நீயே சொல்லு."

படித்தவன் பேச்சை மாற்றினான்.

"ஒரு வருஷம்ப்பா. ஒரு காசு வாங்காம உழைச்சிருக்கேன். இன்னிக்கு மாட்டேன்னு சொன்னா கடுதாசி கிடைக்காது. கடுதாசி இல்லாம போனா அந்த வெள்ளக்காரன் வாசல்லயே நிறுத்திருவான்."

"நிறுத்தட்டும். நாளைக்கு மோட்ச வாசல்ல நிறுத்தினா அப்ப யாரு கடுதாசி குடுப்பா?"

அம்மா கெர்ட்ரூட் இரண்டு பேருக்கும் நடுவில் வெறுங்காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒருசந்தி விரத நாள் என்பதால் வேறு எதுவும் இல்லை. "போதும், கிளம்புங்க. வண்டிக்கு நேரமாச்சு."

"நான் பச்சக் கொடி காட்டாம வண்டி எங்க போயிரும்?"

சாதாரண நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை. இருதயம் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பினார்.

"சுழியப் போட்டேன்னா சாயங்காலம் அந்த நாற்காலியில வந்து உக்காராத. நான் வேற ஆளு சொல்லிக்கிறேன். அப்புறம் என்கிட்ட பேசவும் வேணாம்."

* * *

கிள்ளான் வண்டிக்கு அன்று கார்டு இருதயம்தான். அப்பா கடைசிப் பெட்டியில், மகன் மூன்றாம் வகுப்பில். நடுவில் ஒரு ரயிலே இருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், கொஞ்சம் யோசிக்க முடிந்தது.

வண்டி பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டும்போது வாலண்டைன் முடிவுக்கு வந்துவிட்டான். சுழி போடுவது. கடிதத்தை வாங்குவது. சனிக்கிழமை கடிதத்தை ஆடிட்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு, நேரே கோயிலுக்குப் போய், சுழி போட்ட பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுவது. கணக்குப் படிக்கிற பிள்ளை அல்லவா, பாவத்தை ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் நேர் செய்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அப்பாவின் பேச்சு மட்டும் எந்தப் பக்கத்திலும் உட்காரவில்லை. இருந்தாலும் கடிதம் வேண்டும்.

ஆளில்லாத பெட்டியாகப் பார்த்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தொடைமேல் சுழி போட்டுப் பழகினான். ஒரு வட்டம், ஒரு வளைவு, ஒரு கோடு. பிழையில்லாமல் வந்தது. யாராவது பார்த்திருந்தால் பையனுக்குச் சொறி என்று நினைத்திருப்பார்கள்.

மண்டியில் தரையைக் கழுவி, மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வாசலில் மாவிலை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் வாழையிலையில் சிவப்பு அட்டை போட்ட புதுப் புத்தகங்கள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி இருந்தன. முதலாளியின் மனைவி சீதாலெட்சுமி அம்மாள் வடைத்தட்டோடு வந்தார்.

"எடுத்துக்க வேலு."

கடையில் அவனுக்கு வேலு என்று பெயர். வாலண்டைன் என்று கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று முதலாளி முதல் நாளே சொல்லி, பெயரை மாற்றிவிட்டார்.

"இன்னிக்கு எனக்கு விரதம்மா. மன்னிச்சுக்கங்க."

"விரதமா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. விரதம் இருக்குற கையால தொடங்கினா இன்னும் விசேஷம்" என்றார் அந்த அம்மாள். வாலண்டைனுக்கு அந்த மரியாதை உடம்பெல்லாம் கூசியது.

கணக்கப்பிள்ளை அய்யாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வருஷமாக அவனோடு மல்லுக்கட்டியவர். இங்கிலீஷ் முறையில் பற்று இடப்பக்கம் வரும், வரவு வலப்பக்கம் வரும். மண்டிக் கணக்கில் வரவு இடது, பற்று வலது. வந்த புதிதில் வாலண்டைன் மாற்றி எழுதி, கடைக்குக் கடன்பட்டவர்களுக்கெல்லாம் கடையே கடன்பட்டதாக ஆக்கிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் அய்யாவுதான் தலைப்பும் தேதியும் போட்டு, எது எந்தப் பக்கம் என்று எழுதி, அவனிடம் தள்ளுவார். அதற்குக் கீழேதான் அவன் எழுதுவான். மாதங்கள் ஓடி, அவன் தவறே செய்யாதவனாக ஆன பிறகும் அந்தப் பழக்கத்தை இருவரும் விடவில்லை.

"பயப்படாத தம்பி" என்றார் அய்யாவு. "சுழி, அதுக்குக் கீழ வருஷம், மாசம், தேதி. அப்புறம் முதல் வரவு. அவ்வளவுதான்."

ரெங்கசாமி பிள்ளை சூடம் காட்டினார். மணி அடித்தார். கடைச் சிப்பந்திகள் எல்லாரும் சுற்றி நின்று கும்பிட்டார்கள். பிறகு முதலாளி புத்தகத்தைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் பக்கத்தைப் பிரித்து, அவன் மடிக்கு முன்னால் வைத்தார்.

"நேரமாச்சு. போடு வேலு. இந்த வருஷமாவது கடை தலையெடுக்கட்டும்."

வாலண்டைன் பேனாவை மையில் தொட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தான்.

இருதயம் நின்றுகொண்டிருந்தார். வண்டி திரும்புவதற்கு இடையில் கார்டுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் ஸ்டேஷனிலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறார். உடுப்போடு, சுருட்டிய கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாவிலைக்குக் கீழே நின்றார். உள்ளே வரவில்லை. மகனையே பார்த்தார்.

வாலண்டைன் தலையைக் குனிந்துகொண்டான். முடிவு செய்தாகிவிட்டது, இனி பின்வாங்குவதில்லை. சுழி, சுழி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பேனாவை இறக்கினான்.

கை போனது. மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு.

பக்கத்தின் உச்சியில், நட்ட நடுவில், சின்னதாக ஒரு சிலுவை ஈரத்தோடு மின்னியது.

எழுதியவனே அதைப் பார்த்துத் திகைத்துப் போனான். சிலேட்டில் எழுதத் தொடங்கிய வயதிலிருந்து, வெற்றுப் பக்கம் எதுவானாலும் அதன் தலையில் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் அவன் கை கீழே இறங்கும். பள்ளி நோட்டிலும் போடுவான், பரீட்சைத் தாளிலும் போடுவான். மூச்சு விடுவதுபோல அது பாட்டுக்கு நடக்கும். ஒரு வருஷமாக மண்டியில் அய்யாவு தலைப்புப் போட்டுக் கொடுத்த பக்கங்களில் எழுதியதால், இந்தப் பழக்கம் அங்கே தலைகாட்டச் சந்தர்ப்பமே வரவில்லை. இன்றுதான் முதல்முறையாக அவன் முன்னால் ஒன்றுமே எழுதாத பக்கம். சுழி என்று நினைத்தது மனசு. கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயையோ!" என்றார் சீதாலெட்சுமி அம்மாள்.

சிப்பந்திகள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாவு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார், பிறகு நிமிரவே இல்லை. ரெங்கசாமி பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கை தவறிப் போட்டியா, வேணும்னே போட்டியா?"

வாலண்டைன் வாயைத் திறந்தான்.

"கை தவறிப்போச்சுன்னா சொல்லிரு. நல்ல நாளும் அதுவுமா நான் கோபப்பட மாட்டேன். வேற புத்தகம் எடுப்போம். ஆனா வேணும்னே போட்டிருந்தா... சாமி முன்னால வெச்சுக் கும்பிட்ட புத்தகம்டா. என் கண்ணு முன்னாலயே செஞ்சிருக்க."

கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும் அதுதான். கடிதமும் அதில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தான். நிமிர்ந்த கண்ணில் அப்பா பட்டார்.

இருதயம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்தே அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். அப்பா அழுது வாலண்டைன் பார்த்ததில்லை. தன்னைப் பார்த்து அப்பா இப்படிப் பெருமைப்பட்டும் அவன் பார்த்ததில்லை.

"வேணும்னுதாங்க போட்டான்" என்றார் இருதயம் வாசலிலிருந்து. குரல் உடைந்தது. "என் மகங்க. தப்பா எடுத்துக்காதீங்க பிள்ளைவாள். உங்க சாமிய அவன் அவமதிக்கல. அவன் சர்வேசுரன விடல. அவ்வளவுதான்."

முதலாளி திரும்பி அவனைப் பார்த்தார். "அப்படியா வேலு?"

வாலண்டைன் தலையைக் குனிந்தான். குனிந்த தலைக்கு ஆமாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேருமே.

ரெங்கசாமி பிள்ளை புத்தகத்தை மூடினார். மஞ்சள் கையில் ஒட்டியது. "உங்க பக்தி உங்களுக்கு. என் கடை எனக்கு. போயிட்டு வா தம்பி. கடுதாசி கேட்டு மட்டும் வராத."

ஒரு வருஷம் வேலுவாக இருந்தவன், ஒரு நொடியில் யாரோ ஒரு தம்பியாகிவிட்டான்.

* * *

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அய்யாவு மூச்சிரைக்க ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருதயம் பத்தடி முன்னால் நிமிர்ந்த நெஞ்சோடு போய்க்கொண்டிருந்தார்.

"ஏன்டா வாய மூடிக்கிட்டு நின்ன? ஒரு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். வீம்புக்குச் செய்யற ஆளா நீ?"

"அண்ணே..."

"கேளு. அந்தப் புத்தகத்த மொதலாளி ஒதுக்கி வெச்சுட்டாரு. விளக்கு வெச்சதும் வேற புத்தகம் தொறக்கறாரு. அதுக்குள்ள நீயே வந்து, கை தவறிருச்சுன்னு அவரு கால்ல விழு. உன் கையாலயே சுழி போடு. கடுதாசிக்கு நான் பொறுப்பு. மனசு எளகின மனுஷன் அவரு."

"வரலன்னா?"

"என் கை எழுதியிருக்கும். அப்புறம் கணக்கத் தொடங்கின கை என் கைதான். உனக்கு என்னான்னு கடுதாசி குடுப்பாரு?" அய்யாவு முன்னால் போகிற வெள்ளை உடுப்பைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "இவரோட போயிட்டு, அங்கேருந்து நாலரை வண்டியப் புடிச்சா வந்துரலாம்."

நாலரை வண்டியைப் பிடித்தால் கோயிலில் ஐந்து மணிக்கு உட்கார முடியாது. இதை அய்யாவுவிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? வாலண்டைன் தலையை மட்டும் ஆட்டினான்.

திரும்புகிற வண்டியில் இருதயம் அவனைக் கார்டு பெட்டியிலேயே ஏற்றிக்கொண்டார். சட்டப்படி அது தப்பு. மேலதிகாரி கண்ணில் பட்டால் ஆள் குறைப்புக் காலத்தில் வேலை போக அதுவே போதும். இத்தனை வருஷ வேலையில் பெண்டாட்டியைக்கூட அந்தப் பெட்டியில் ஏற்றாத மனுஷன், இன்று மகனுக்குத் தன் பலகை இருக்கையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, தான் நின்றுகொண்டு வந்தார்.

"காலையில பேசினத மறந்துருடா."

"அப்பா, நான்..."

"இரு, நான் சொல்லிக்கிறேன். உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். படிப்பு வந்ததும் பையன் மாறிட்டான்னு உங்கம்மாகிட்ட ராவெல்லாம் புலம்பினேன். கடையில அத்தன பேரு நிக்கறாங்க, சோறு போட்ட மொதலாளி நிக்கறாரு, அங்க வெச்சு நீ போட்ட பாரு..." அவர் வெளியே எட்டிப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாலண்டைனுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அப்பா திட்டியபோது தாங்கிக்கொண்டவனால் அப்பா கொஞ்சுவதைத் தாங்க முடியவில்லை.

"அந்த ஆடிட்டர் வேல போனா போவட்டும்லா. ரயில்வே ஆபீசுல க்ளார்க்கு வேலைக்கு நான் கேட்டுப் பாக்கறேன். யாரு கால்லயும் விழுந்ததில்ல நான். உனக்காக விழறேன், என்ன இப்ப?"

வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அந்தச் சத்தத்தில் வாலண்டைன் ஏதோ சொன்னான். இருதயம் காதில் விழவில்லை. அவர் மகனைப் பார்த்துச் சிரித்தார்.

* * *

கோயில் வளாகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குக் கார்டுகளும் போர்ட்டர்களும் இருக்கும்போது தந்தி எதற்கு? முகம் தெரியாத பெரியவர்கள் வந்து வாலண்டைனின் தோளைத் தட்டினார்கள். ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார். "வேதத்துக்காக உயிர விட்ட வேதசாட்சி மாதிரில்ல நின்னிருக்கான்" என்று யாரோ சொன்னார்கள். சாமியார் அறையிலிருந்து வெளியே வந்து, அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

வாலண்டைனால் நிற்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

கெர்ட்ரூட் சலவை வேட்டியோடு வந்து, உடுத்திவிடுகிற சாக்கில் அவனைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே யாரும் இல்லை.

"ஊரே உன் பேச்சாக் கெடக்கு. உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் எதையோ களவாண்டவன் மாதிரி இருக்கு."

அவன் வேட்டியை வாங்கினான். கட்டவில்லை.

"வேணும்னா போட்ட?"

அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"என்கிட்டயுமா?" என்றாள் கெர்ட்ரூட். "சிலேட்டுல உன் கையப் புடிச்சு முதல்ல சிலுவை போட வெச்சவளே நான்தான். பாசார் சாமானுக்குச் சீட்டு எழுதச் சொன்னாக்கூட மேல ஒரு சிலுவையப் போட்டுட்டுத்தான் உப்பு, புளின்னு ஆரம்பிப்ப. உப்பு புளிக்கே போடுற கை. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். வாலண்டைன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். ரயிலில் செய்த முடிவு, தொடையில் பழகிய சுழி, முதலாளி கேட்ட கேள்வி, அய்யாவு சொன்ன வழி, எல்லாவற்றையும் கொட்டினான்.

"இப்ப நாலரை வண்டியில போனா கடுதாசி கிடைக்கும்மா. போய்ச் சுழி போடணும். போகலன்னா, ஒரு பொய்ய வெச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காரணும். நான் என்ன செய்ய?"

கெர்ட்ரூட் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் மகன் ஆடிட்டர் ஆகவேண்டும். அவன் கோட்டு போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவதை எத்தனையோ தரம் அடுப்படியில் நின்றபடியே பார்த்துவிட்டாள். புருஷன் இன்று சந்தோஷப்பட்டதுபோல இனி ஒருநாள் படப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"போறதா இருந்தா போ. இருக்கறதா இருந்தா இரு. அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அந்த மனுஷன் பாவம், இல்லாத ஒண்ண இருக்குன்னு நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. எதச் செஞ்சாலும் அவருகிட்ட சொல்லிட்டுச் செய்."

இருதயம் கோயிலுக்குள் தனியாக இருந்தார். பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா, வா. உனக்கு நடுவுல போட்டிருக்கேன். உக்காந்து பாரு."

"அப்பா, நான் வேணும்னு போடல."

"எத?"

"சிலுவைய. நான் சுழி போடத்தான் பேனாவ எடுத்தேன். ரயில்லயே முடிவு பண்ணிட்டேன். கை தவறிப்போச்சுப்பா. மொதலாளி கேட்டப்பவே சொல்லியிருக்கணும். உங்க மூஞ்சியப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல."

இருதயம் மகனையே பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்தது. கண்ணில் கோபம் வந்தது. அடிக்கப் போகிறார் என்று வாலண்டைன் நினைத்தான், அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். கோபமும் நிற்கவில்லை. அவர் வெறும் ஆளாக, வயதான ஆளாக நின்றார். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

"சுழிதான் போட நெனச்ச."

"ஆமாம்ப்பா."

"நான் வாசல்ல நிக்கறதப் பாத்த. பாத்த பிறகும் அதத்தான் நெனச்ச."

"ஆமாம்."

"நாலரை வண்டிக்குப் போவணும்னு இப்பவும் மனசு இருக்கு."

வாலண்டைன் வாசல் பக்கம் பார்த்தான்.

இருதயம் அவன் கையைத் திருப்பினார். விரல் நுனியில் மை இன்னும் போகவில்லை. அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கியபோது அவர் கண்ணில் இருந்தது கோபமா, பயமா, வேறு ஏதுமா என்று மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சரி. நீ போடல" என்றார் மெதுவாக. "அப்ப அந்தச் சிலுவைய யாருடா போட்டது?"

பழக்கம் என்று சொல்ல வாலண்டைன் வாயைத் திறந்தான்.

பெரிய வியாழனிலிருந்து சனிக்கிழமை வரை கோயில் மணி அடிக்காது. அடித்தது ஸ்டேஷன் மணி. நாலரை வண்டிக்கு முதல் மணி. அப்பா அவன் கையை இன்னும் விடவில்லை.